பயணத்தில் மூக்கைக் கழுவ எந்தத் தண்ணீர்?

கேள்வி: சைனஸ் தொல்லைக்காக மருத்துவர் சொன்னபடி, ஓராண்டாகத் தினமும் காலையில் உப்புநீரால் மூக்கைக் கழுவி வருகிறேன். அடுத்த மாதம், ராணுவத்தில் இருக்கும் மகனைப் பார்க்க விவேக் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரியிலிருந்து அசாமிலுள்ள திப்ருகர் வரை செல்கிறேன். ரயிலில் விற்கும் பாட்டில் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தலாமா? பயணத்துக்கென்று என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்? (மார்த்தாண்டம் வாசகி)

பதில்: பாட்டில் தண்ணீரை அப்படியே மூக்கில் விட வேண்டாம், அம்மா. குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் மூக்குக்குத் தகுந்தது என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். குடிக்கும் தண்ணீரில் சில கிருமிகள் இருந்தாலும் வயிற்றிலுள்ள அமிலம் அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிடும். மூக்கில் அத்தகைய காவல் கிடையாது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பலருக்கு வந்த அமீபா மூளைக்காய்ச்சலைப் பற்றி, எல்லையை ஒட்டியிருக்கும் நாம் அறிவோம். அக்காய்ச்சலை உண்டாக்கும் அமீபாக்களில் ஒன்றான நெக்லேரியா ஃபவுலேரியை விழுங்கினால் நோய் வராது. மூக்கு வழியே நுழைந்தால்தான் அது வாசனை நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குச் செல்கிறது. குளத்தில் குளிப்பவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது என்றாலும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இந்நோயால் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் வந்தவர்களில் மிகச் சிலரே பிழைக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரயிலில் விற்கும் 'ரயில் நீர்' உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பாறசாலையிலும் தயாராகிறது. அது குடிப்பதற்காகச் சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரே தவிர, கிருமி முற்றிலும் நீக்கி முத்திரையிட்ட மருத்துவத் தண்ணீர் அன்று. வேறு எந்த நிறுவனத்தின் மினரல் வாட்டருக்கும், வீட்டுக்கு வரும் கேன் தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். எதுவானாலும், தளதளவென்று குமிழி பொங்கிக் கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

சாப்பாட்டுக் கடைகளில் வைக்கும் சீரகத் தண்ணீரும் பதிமுகக் கட்டை போட்ட தண்ணீரும் கொதித்தவைதானே என்று தோன்றலாம். கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்து மேசைக்குக் கொண்டுவருவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். ரயிலின் உணவுப் பெட்டியில் கேட்டு வாங்கும் வெந்நீரும் எவ்வளவு நேரம் கொதித்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ரயில் பெட்டியில் கைப்பேசிக்காக வைத்திருக்கும் மின்இணைப்பில் கெட்டிலைச் செருகுவதற்கு அனுமதி இல்லை. அது தீவிபத்துக்கும் வழிவகுக்கும். ஆகவே, புறப்படும் நாளில் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரை, நன்றாகக் கழுவி வெந்நீர் ஊற்றி அலசிய எவர்சில்வர் பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடிக் கொண்டுபோங்கள். அதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதன் பிறகு, திப்ருகரில் இறங்கும் வரை கழுவுவதையே நிறுத்திவிட்டு, முத்திரையிட்ட உப்புநீர் நாசி ஸ்பிரேயால் சமாளிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. ஓராண்டுப் பழக்கத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போவதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. சந்தேகமான தண்ணீரை மூக்கில் விடுவதுதான் ஆபத்து. அண்மையில் மூக்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால் மட்டும், இதையும் உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாங்க வேண்டியவை. முதலில், ரயிலிலிருந்து இறங்கிய பின் பயன்படுத்த ஒரு சிறிய கெட்டில். விடுதி அறையில் இருக்குமே என்று நம்பிப் போக வேண்டாம். சென்ற ஆண்டு நான் தங்கிய ஒரு விடுதியில் கெட்டிலின் மூடியைத் திறந்தபோது, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக் காறையோடு முட்டை ஓட்டின் சில்லு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலும், பெரும்பாலான கெட்டில்கள் கொதி வந்த சில நொடிகளிலேயே தானாக அணைந்துவிடும். எனவே, பொத்தானை மறுபடி அழுத்தி ஒரு நிமிடக் கொதியை நிறைவு செய்யும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

உப்புப் பொட்டலம் வாங்கும்போது, அது எத்தனை மில்லி தண்ணீருக்கு உரியது என்று பார்த்து, உங்கள் பாட்டிலின் அளவோடு ஒப்பிட வேண்டும். நம் உடலின் உப்புத்தன்மைக்கு இணையான கரைசலுக்கு 240 மி.லி. தண்ணீரில் ஏறத்தாழ 2.2 கிராம் உப்பு இருக்க வேண்டும். அளவு மாறினால் மூக்கு எரியும். தண்ணீர்தான் கெட்டது என்று தவறாக எண்ணுவோம். நம் குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்திலிருந்து நேரே வரும் உப்பில், மூக்கை உறுத்தக்கூடிய அயோடின் இல்லை என்பதற்காக அதை அள்ளிப் போடுவோரும் உண்டு. அதில் மண்ணும் தூசியும் கலந்திருக்கும் என்பதால் மூக்குக்கு வேண்டாம்.

கேள்வி: ஊட்டிக்குக் குடும்பத்தோடு செல்கிறோம். தண்ணீரைக் கொதிக்கவைக்க நேரம் இருக்காது என்பதால், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்கிக்கொள்ளலாமா? வீட்டிலுள்ள, மூக்கைக் கழுவும் செம்பு நேத்திக் கிண்டியை எடுத்துச் செல்லலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். பங்கில் விற்பது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். அதிலுள்ள தாதுக்களை நீக்கியிருப்பார்களே தவிர, மனித உடலுக்குள் செல்லும் என்று கருதி அதைத் தயாரிப்பதும் அடைப்பதும் இல்லை. உப்புநீர் பட்டால் செம்பு களிம்பு ஏறும். பயணத்துக்குப் பீய்ச்சும் வகைப் பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது, கனமில்லை, உடையாது. ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பையில் திணித்தால் உள்ளே வழுவழுப்பு படியும். அதில் கிருமி வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய பாட்டில் வாங்குவது நல்லது. ஒருவர் பாட்டிலை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

ஊட்டியைப் பற்றி இன்னொன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே, 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 1,980 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும், கொடைக்கானலுக்கும் இதுவே. நேரம் இல்லை என்கிறீர்கள். இரவில் கொதிக்கவைத்து மூடிவைத்தால் காலையில் பதமாக இருக்கும்.

குளத்தில் குளித்தோ மூக்கைக் கழுவியோ சில நாள்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூக்கில் தண்ணீர் புகுந்த செய்தியை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பொருள்களுக்குப் பேட்ச் எண்ணோடு பில் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டிதட்டியிருந்தாலோ காலாவதித் தேதி அழிந்திருந்தாலோ, கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.