அம்மாவின் நோட்டுகளை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் நெல்லைச் சீமையில் முக்கூடல் பக்கம். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா பீடி சுற்றி எங்களை வளர்த்தார். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்துத் தமிழாசிரியை ஆனார். சுற்றுவட்டார ஊர்களில் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து நோட்டுகளில் எழுதி வைத்தார். அம்மாவின் முதலாண்டு நினைவு நாள் வருகிறது. சிலை வைத்து அன்னதானம் போடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

அன்னதானம் நடக்கட்டும். அண்ணனும் அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். சிலை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படித்தவர் என்று ஊர் புகழும். அவர் எதைப் படித்தார், எதைத் தேடிச் சேர்த்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பட்ட கஷ்டத்தை மட்டும் சொல்லி ஓர் அறிஞரை வழியனுப்புவது அநியாயம்.

முதலில் ஒலிநாடாக்களைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த நாடா பழைய பிளேயரில் சிக்கி அறுந்துவிடும். அம்மா குரலைக் கேட்கும் ஆசையில்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். நோட்டுகளை லேமினேட் செய்ய வேண்டாம், கிழிசலில் செலோ டேப் ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரக்குறிப்பு விடாமல் படமெடுங்கள். எந்த ஊர், யார் பாடியது, எந்தச் சமயத்தில் பாடுவது என்ற குறிப்புகள்தான் ஆராய்கிறவருக்கு உயிர்.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917-1980) நாட்டுப் பாடல்களைத் திரட்டி ஆராய்ந்த மண் இது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் மக்களின் பாட்டு, கதை, வழக்கங்களை ஆராயும் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது. அங்கே போய்ப் பேசுங்கள். மூல நோட்டுகளை எங்கே கொடுத்தாலும், அம்மா பெயரில் ஒரே தொகுப்பாக வைப்போம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அலமாரிக்கு ஒன்றாகச் சிதறிவிடும்.

அப்புறம், புத்தகமாகப் போட நினைத்தால் அண்ணன் சம்மதமும் வேண்டும். எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. உயில் இல்லையென்றால் அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது. இதையே காரணமாக்கி அவரையும் வேலையில் இழுத்துவிடுங்கள். பாடிய பெண்களின் பெயர் ஒவ்வொரு பாட்டின் கீழும் வர வேண்டும். ஒப்பாரி இன்னொரு வீட்டின் துக்கம்; அந்தக் குடும்பத்தாரைப் பார்த்துக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

இதெல்லாம் நினைவு நாளுக்குள் முடியாது, அவசரப்படவும் வேண்டாம். அதற்குள் ஒலிநாடா வேலை முடிந்தாலே போதும்.