சாட்டின் புடவை பட்டா, பாலியஸ்டரா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பர்கூருக்குப் போய் ஜவுளி எடுத்தோம். ஒரு புடவையைக் காட்டி "சாட்டின் சில்க்" என்றார்கள், விலை 700 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு "இது பட்டே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, பாலக்கோடு

மாமியார் சொல்வதுதான் சரி, வருத்தப்படாதீர்கள். சாட்டின் என்பது நெய்யும் விதம். பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) பல ஊடை நூல்களைத் (குறுக்கே ஓடுவது) தாண்டி மேலாகவே ஓடும்படி நெய்வதால் துணியின் முகம் வழவழவென்று பளபளக்கும், அவ்வளவுதான். அதே நெசவைப் பட்டு நூலிலும் போடலாம், பாலியஸ்டரிலும் போடலாம், 700 ரூபாய்க்குப் பட்டில் யாரும் போட மாட்டார்கள். ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவையும் ஒரு காலத்தில் பட்டில் நெய்யப்பட்டவை. இன்று கடையில் இருப்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அதனால் பெயரைக் கேட்டு மயங்காமல் "நூல் என்ன?" என்று தனியாகக் கேளுங்கள்.

விலையை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஏறக்குறைய 6, 7 கிலோ கூடு வேண்டும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு கிலோ என்ன விலை போகிறது என்று உங்கள் பக்கத்தில் புழு வளர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

இன்னும் சந்தேகம் என்றால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தியாகவோ மரக்கூழில் செய்த ரேயானாகவோ இருக்கும். "ஆர்ட் சில்க்" என்று விற்பதில் நிறைய இந்த ரேயான்தான். ஜரிகை இழையை உருவிவிடாதீர்கள், கலப்பு நூலாக இருந்தாலும் இந்தச் சோதனை குழப்பிவிடும். பெரிய தொகை போட்டு வாங்கும்போது சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த முத்திரை அது.

கேள்வி: நல்ல காட்டன் துணி எடுத்துச் சட்டை தைத்தேன். முதல் துவையலிலேயே கை மேலே ஏறிவிட்டது. தையல்காரரிடம் சண்டை போடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டினம்

போடாதீர்கள். தறியில் நூலை விறைப்பாக இழுத்து வைத்துத்தான் நெய்கிறார்கள், முதல் முறை தண்ணீர் பட்டதும் அந்த விறைப்பு தளர்ந்து துணி சுருங்கும். எடுத்த துணியை ஓர் இரவு ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுத்தால் இந்த வம்பே இல்லை. நம் பாட்டிமார் பாவாடைத் துணியை நனைத்துவிட்டே தையலுக்குக் கொடுத்ததும் இதற்குத்தான். ஆலையிலேயே சுருக்கி வரும் துணியும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பனியன் துணி வேறு சங்கதி: அதில் பாவும் ஊடையும் கிடையாது, நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னுவது, இழுத்தால் நீளும், துவைத்தால் இன்னும் கூடுதலாகவே சுருங்கும்.

கேள்வி: கடையில் தரும் துணி மாதிரியான பை மண்ணில் மக்குமா?
- வாசகர், அரூர்

மக்காது. அது பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழைகளைப் பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டியது, தறிப்பக்கமே போகாதது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் இந்தப் பையையும் சேர்த்திருந்தார்கள். சந்தைக்குப் போகும்போது மஞ்சப்பை ஒன்றை மடித்து வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கிழிந்தால் கரித்துணிக்காவது ஆகும்.