அதே கோட்தான், ஆனால் வேறு செயின்

கேள்வி: வணக்கம் அண்ணே. நானும் இரண்டு நண்பர்களும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கான முன்பணத்தை யுஎஸ்டிடியில் (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் விடுவிக்கிற ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (தானாக இயங்கும் ஒப்பந்த நிரல்) ஒன்றை எத்தேரியம் பிளாக்செயினில் ஓட்டுகிறோம். கட்டணம் கட்டுப்படியாகவில்லை, பிஎன்பி செயின் என்ற வேறொரு பிளாக்செயினுக்கு மாற்றப் போகிறோம். ஏற்கெனவே பாதுகாப்பு ஆடிட் செய்த கோட்தானே, மறுபடியும் ரிங்கிட்டைக் கொட்ட வேண்டுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: வேண்டும் தம்பி. முதலில் அந்த யுஎஸ்டிடியையே பாருங்கள். எத்தேரியத்தில் அதற்கு 6 தசம இடங்கள், பிஎன்பி செயினில் 18; கான்ட்ராக்ட் தொகையை அந்தக் கடைசி இடத்தின் அலகில்தான் எண்ணும். குறைந்தபட்ச முன்பணம் 100 என்பதற்காக 100000000 என்று கோடில் நேரடியாக எழுதியிருந்தால், அங்கே அந்தத் தொகை ஒரு சென்கூடத் தேறாது. டெஸ்டில் 6 இடமுள்ள போலி டோக்கனையே வைத்திருந்தால் எல்லாம் பச்சைதான் காட்டும்.

அடுத்தது நேரம். எத்தேரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு). புகார் சொல்ல 7 நாள் அவகாசம் என்பதை 50,400 பிளாக் என்று எண்ணி வைத்திருந்தீர்களா? பிஎன்பி செயினின் வேகத்துக்கு அது ஒரு நாளுக்குள்ளேயே முடிந்துவிடும், பாவம் வேலை கொடுத்தவர் வார இறுதி கழிந்து வந்து பார்த்தால் பணம் போயிருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது முகவரி. 2022-இல் ஆப்டிமிசம் என்ற செயினின் அறக்கட்டளை, விண்டர்மியூட் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்துக்கு 2 கோடி ஓபி டோக்கன் (அந்தச் செயினின் நாணயம்) அனுப்பியது. கொடுக்கப்பட்ட முகவரியில் எத்தேரியத்தில் விண்டர்மியூட்டின் மல்டிசிக் வாலட் (பலர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் கணக்கு) இருந்தது, ஆப்டிமிசத்திலோ ஒன்றுமே இல்லை. அந்த வாலட்டை உண்டாக்கும் ஃபேக்டரி கான்ட்ராக்டை எத்தேரியத்தில் நிறுவிய பழைய பரிவர்த்தனையில், எந்தச் செயினுக்கானது என்று காட்டும் செயின் எண் கிடையாது என்பதால், யாரோ ஒருவர் அதை அப்படியே ஆப்டிமிசத்தில் மறுபடி ஓட்டி, அதே முகவரியில் தன் வாலட்டை எழுப்பிக்கொண்டார். பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது, ஆனால் உங்களுக்கும் அப்படித் திரும்பும் என்று நம்பி இறங்க முடியுமா? அட்மின் முகவரியை அப்படியே நகல் எடுக்காதீர்கள், புதிய செயினில் மல்டிசிக்கை நீங்களே டெப்ளாய் செய்து (நிறுவி), ஒரு கையெழுத்து போட்டுப் பார்த்த பிறகு அந்த முகவரியைக் கொடுங்கள். 'பணத்தை விடுவி' என்று வாடிக்கையாளர் போடும் கையெழுத்துக்குள்ளும் செயின் எண்ணும் கான்ட்ராக்ட் முகவரியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே போட்டதை அங்கேயும் காட்டிப் பணம் எடுக்கலாம்.

அப்புறம், உள்ளே இருக்கிற பணத்தை பிரிட்ஜ் (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் பாலம்) வழியாகத் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். நோமாட் பிரிட்ஜில் ஒரு அப்கிரேடில் நேர்ந்த பிழையால் 2022 ஆகஸ்டில் சுமார் 19 கோடி டாலர் போனது. பழைய கான்ட்ராக்டில் புது முன்பணத்தை மட்டும் நிறுத்துங்கள், இருக்கிற வேலைகள் அங்கேயே முடியட்டும். ஆடிட்டரிடம் மாறிய இடங்களைக் குறித்துக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், முழுக் கட்டணம் ஆகாமலும் போகலாம்.