எட்டாம் ஆண்டு மகனைப் பெரிய வகுப்புப் பெடியள் அடிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

கிளிநொச்சியில் படிக்கிற மகனுக்கு அடி விழுகிறது, சொந்தக்காரர்கள் "திருப்பி அடிக்கச் சொல்லு" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். திருப்பி அடித்தால் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனைதான் கிடைக்கும், அடுத்த முறை அவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள்.

முதலில் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். வன்னியில் பிள்ளைகள் சைக்கிளில் கனதூரம் போய் வருவதால் சேட்டை வகுப்புக்கு வெளியிலும் நடக்கும். சைக்கிள் ரியூப்பின் வால்கட்டையை (காற்று அடைக்கிற வால்வை) கழற்றி எறிந்துவிடுவார்கள், பிள்ளை வெயிலில் உருட்டிக்கொண்டு பிந்தி வரும், கேட்டால் "காத்துப் போயிட்டுது" என்று மட்டும் சொல்லும். தகப்பன் இல்லாததை, காயப்பட்ட காலை வைத்துப் பட்டம் தெளிப்பது, அதாவது பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வது, அடியை விட மோசம். 2009இல் போர் முடிந்த பிறகு அப்படியான வீடுகள் இங்கே நிறைய, ஆசிரியர்கள் அதைப் பகிடி என்று விடவே கூடாது.

திகதி, இடம், ஆள் எல்லாம் எழுதி வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் கடிதமாகக் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பார்க்கலாம். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசி இலக்கம். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, எப்படி வந்தது என்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

அடித்த பெடியனின் வீட்டுக்கு நேரே சண்டைக்குப் போக வேண்டாம். அதிபர் முன்னால் இரண்டு வீட்டாரும் இருந்து கதையுங்கள், அந்தப் பிள்ளையும் வீட்டில் அடி வாங்குகிறதா என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள்.