எடை குறைப்பு ஊசி: பசியே எடுக்காதபோது என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதமாக வாரம் ஒருமுறை டிர்செபடைட் ஊசி போடுகிறேன். முதல் மாதம் 2.5 மி.கி., இப்போது 5 மி.கி. எடை 84 கிலோவிலிருந்து 76க்கு வந்துவிட்டது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். பசி என்பதே இல்லை. காலையில் ஒன்றரை இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும், ராத்திரி அரை டம்ளர் பால். இதற்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. மாடி ஏறினால் கால் தளர்கிறது, முடி கொட்டுகிறது, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. முட்டை சாப்பிடுவேன், கறி, மீன் கிடையாது. "எடைதான் குறைகிறதே, அப்படியே விடு" என்கிறார்கள் வீட்டில். விடலாமா?

பதில்: விடக்கூடாது. சாப்பாட்டுக்குப் போகும் முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. முழுச் சாப்பாடு சாப்பிட்ட காலத்துக்கு எழுதிக் கொடுத்த அளவு, ஒன்றரை இட்லி சாப்பிடும் இந்தக் காலத்துக்குப் பொருந்தாமல் போகலாம். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை காலையில் வெறும் வயிற்றிலும் சாயங்காலமும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் உதவாது. கொழுப்பு கலந்தவை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். இந்த ஊசி போடும்போது இன்னும் மெதுவாகும்.

இனி சாப்பாடு. நீங்கள் போடும் டிர்செபடைட்டும் (மவுஞ்சாரோ), அதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைடும் (வெகோவி, ஓசெம்பிக்) குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன்களைப் போல வேலை செய்பவை. மூளையில் பசி உணர்வை அடக்கும். இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைக் குறைக்கும். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஊசி எப்படிப் போடுவது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பசி போன பிறகு எதைச் சாப்பிடுவது என்பதை உட்கார வைத்துச் சொல்ல பல இடங்களில் நேரம் இருப்பதில்லை.

நம் வீடுகளில் வயிறு சரியில்லை என்றால் கை தானாகப் போவது இட்லி, ரசம் சாதம், கஞ்சி, பிரெட், டீ பிஸ்கட் பக்கம்தான். இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது சரி. இந்த ஊசி போடும்போதும் வயிறு அதே மாதிரி மந்தமாக இருப்பதால் மாதக்கணக்கில் அதையே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். அத்தனையும் மாவுச்சத்து. நீங்கள் எழுதிய பட்டியலைக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் புரதம் 15 கிராமைத் தாண்டாது. மொத்த கலோரியும் 600ஐத் தாண்டாது. 800 கலோரிக்குக் கீழான உணவை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உடல் அந்தப் பற்றாக்குறையைத் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த மருந்துகளின் ஆய்வுகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. அதில் தசை முக்கியமான பகுதி. மாடி ஏறும்போது கால் தளர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்குத் தசை இன்னும் பெரிய சொத்து, இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை அதிகம் உள்ளே இழுத்துக்கொள்வது அதுதான். பிற்பாடு ஊசியை நிறுத்தி எடை திரும்பினால், கொழுப்பு எளிதில் வந்துவிடும், இழந்த தசை அப்படி வராது.

எவ்வளவு புரதம் வேண்டும்? ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தது. எடை வேகமாகக் குறையும்போது அது போதாது, 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எட்ட நினைக்கும் எடை 63 கிலோ என்றால் நாளைக்கு 75 கிராம். சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த அளவு கூடாது. ஆகவே கிரியாட்டினினும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

"தினமும் சாம்பார் ஊற்றிக்கொள்கிறேனே" என்று பலர் சொல்வார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவோம். அதில் புரதம் 22 கிராம். நான்கு பேர், இரண்டு வேளை என்றால் ஒரு கரண்டிக்கு மூன்று கிராம்கூட வராது. இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம், ஒரு கரண்டிச் சோற்றில் 2 முதல் 3 கிராம். வயிற்றில் இடம் தாராளமாக இருந்தபோது இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது போதுமானதாக இருந்திருக்கும். இப்போது உங்களுக்கு ஒரு வேளைக்குக் கிடைப்பது ஒரு சின்னக் கிண்ணம் அளவு இடம். அதில் முதலில் எது போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் தட்டில் சாப்பிடும் வரிசையை மாற்றுங்கள். முதலில் முட்டை, பனீர், கெட்டிப் பருப்பு, சோயா. அடுத்து வெந்த காய். சோறோ இட்லியோ கடைசியில், இடம் இருந்தால். சோறு மிஞ்சினால் பரவாயில்லை, முட்டை மிஞ்சக்கூடாது.

உங்கள் நாள் இப்படி அமையலாம். காலை 8 மணிக்கு இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு இட்லி: 15 கிராம். 11 மணிக்கு வடிகட்டிய கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். 300 கிராம் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வடியவிட்டால் பாதியாகச் சுண்டும்; அந்தச் சின்னக் கிண்ணத்தில் 8 கிராம் புரதம் இருக்கும். மதியம் 1 மணிக்கு, உலர்ந்த நிலையில் எடை போட்ட 30 கிராம் சோயா உருண்டையில் பொரியலோ குழம்போ (15 கிராம்), தண்ணீர் விடாமல் மசித்த பருப்பு ஒரு கிண்ணம் (30 கிராம் வேகாத பருப்பில் 7 கிராம்), சுரைக்காயோ அவரைக்காயோ, கடைசியில் மூன்று நான்கு ஸ்பூன் சோறு. நாலரை மணிக்கு நன்றாகக் குழைய வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம்: 8 கிராம். ராத்திரி 7 மணிக்கு 75 கிராம் பனீரை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம் போட்டு உதிர்த்துப் பிரட்டி, ஒரு சின்னச் சப்பாத்தியோடு: 16 கிராம். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், 5 கிராம். எல்லாம் கூட்டினால் 74 வரும். மீன் சாப்பிடும் வீடுகளில் இது இன்னும் எளிது: 100 கிராம் மீன் குழம்பில் போனால் 18 முதல் 20 கிராம் கிடைத்துவிடும். வறுவல் வேண்டாம், குழம்பு போதும்.

நாளை காலையே 75 கிராமுக்குத் தாவாதீர்கள். முதல் வாரம் முட்டையும் தயிரும், அடுத்த வாரம் சோயா, பிறகு சுண்டல் என்று ஏற்றுங்கள். சுண்டலால் வயிறு உப்பினால் கொண்டைக்கடலைக்குப் பதில் பாசிப்பயறு. எதுவுமே இறங்காத நாளில் புரதப் பொடி உதவும். ஒரு அளவுக் கரண்டியில் 20 கிராமுக்கு மேல் புரதம், சர்க்கரை சேர்க்காதது என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். மால்ட் கலந்த சத்துபானப் பொடிகளில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான், அவை இதற்கு ஈடல்ல.

பசிக்காகக் காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிடுவது இந்த மருந்தில் கட்டாயம். அதற்காகத் திணிக்கவும் கூடாது. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொண்டு மென்று சாப்பிடுங்கள். நிறைவு தெரியவர நேரமாகும். தெரிந்த பிறகு போகும் இரண்டு வாய்தான் வாந்தியாகத் திரும்பி வரும். முதல் ஏப்பம் வந்ததும் நிறுத்துவது நல்ல பழக்கம். அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வந்தால் முந்தைய வேளை உணவு இன்னும் இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அடுத்த வேளையை மோர், தயிர் மாதிரி எளிதாக்குங்கள். பூரி, பஜ்ஜி, பிரியாணி, தேங்காய்ப்பால் குருமா ஆகியவற்றில் இருக்கும் கொழுப்பு ஏற்கெனவே மெதுவாக இறங்கும் வயிற்றை இன்னும் நிறுத்திவைக்கும். சாப்பிட்டபின் இரண்டு மணி நேரமாவது படுக்காதீர்கள்.

குமட்டல், ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் பெரும்பாலும் கூடும், மருந்தின் அளவு இரத்தத்தில் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். கல்யாண விருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் சனிக்கிழமை ஊசி போடும் பழக்கம் உங்களுக்கு ஒத்துவராது. கிழமையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிலருக்குத் தாளிக்கும் வாடையும் சோறு கொதிக்கும் ஆவியுமே வயிற்றைப் புரட்டும். அந்த இரண்டு நாளும் சமையலறையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஆறிய உணவைச் சாப்பிடுங்கள். தயிர், ஆறிய முட்டை, குளிர்ந்த பனீர் ஆகியவற்றில் வாடை குறைவு, புரதமும் விட்டுப்போகாது.

மலச்சிக்கலுக்கு மருந்து குடலை மந்தமாக்குவது ஒரு காரணம். உள்ளே போகும் உணவும் தண்ணீரும் குறைந்தது இன்னொரு காரணம். பசியோடு தாகமும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது. இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருந்தால் தவிர, நாளைக்கு இரண்டு லிட்டர் திரவம் வேண்டும். ஒரேயடியாகக் குடித்தால் சாப்பாட்டுக்கு இடமிருக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு நிறுத்தி, அரை மணி கழித்துத் தொடங்கி, இடைப்பட்ட நேரம் முழுக்க வாய் வாயாகக் குடியுங்கள். நீர்மோர், தெளிந்த ரசம் எல்லாம் கணக்கில் சேரும். பச்சைக் காய் சாலட்டை விட வெந்த கீரை, புடலை, சுரை மேல். பழத்தில் அரைக் கொய்யா, ஒரு துண்டு பப்பாளி. போதவில்லை என்றால் இசப்கோல் ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைத்து நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் குடலில் கட்டியாகிச் சிக்கல் முற்றும். வயிறு உப்பி வாந்தியும் இருக்கும் நாளில் இசப்கோல் தொடவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

முடி கொட்டுவது பயமுறுத்தும்தான். எடை வேகமாகக் குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டுவது வழக்கம். புரதமும் இரும்புச்சத்தும் சரியானால் பெரும்பாலோருக்குத் திரும்ப வளரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), வைட்டமின் டி, பி12 பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. கறி மீன் சேர்க்காத உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

புரதம் மட்டும் சாப்பிட்டுத் தசையைக் காப்பாற்ற முடியாது, அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது 10 தடவை; சற்று இளைப்பாறி இதை மூன்று சுற்று செய்யுங்கள். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் இதற்கு மாற்றாகாது. ஊசி போடும் காலத்தில் ஏகாதசி, சஷ்டி என்று முழு நாள் பட்டினி விரதம் வேண்டாம், கிளிமிபிரைடு இருக்கும்வரை கண்டிப்பாக வேண்டாம்.

இதே வகை மருந்தை ஊசிக்குப் பதில் செமாக்ளூடைட் மாத்திரையாக (ரைபெல்சஸ்) எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத வெறும் தண்ணீரில், அதாவது 120 மில்லிக்குள், விழுங்கிவிட்டு அரை மணி நேரம் எதுவும் கூடாது. காபியும் தைராய்டு மாத்திரையும்கூடப் பிறகுதான். காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது.

மூன்று மாதத்தில் 8 கிலோ என்பது தன்னளவில் மோசமான வேகம் இல்லை. ஆனால் இவ்வளவு குறைவாகச் சாப்பிடும் நிலையில் அடுத்த டோஸுக்கு ஏற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. 5 மி.கி.யிலேயே எடை குறைந்துகொண்டிருந்தால் அங்கேயே நிற்கலாமா, 2.5க்குத் திரும்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டதை அளவோடு எழுதி எடுத்துப் போங்கள். "கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன்" என்று வாயால் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ செய்ய வேண்டிவந்தால் இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு மிஞ்சியிருக்கலாம். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எடுத்து முதுகுக்குப் பரவினால், வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ இருந்தால், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் குறைந்து கறுத்துப் போனால், மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.