படக் கோப்புகளை வகை பிரிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: படக் கோப்பு வடிவங்கள் மொத்தம் எத்தனை வகை என்று மாணவர்களுக்குச் சொல்வது?

பதில்: எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்பிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவை பிக்சல்கள் எனும் நிறப் புள்ளிகளா, கோடுகளையும் வளைவுகளையும் வரைவதற்கான கணக்குகளா என்பது முதலாவது. ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் ஆகியவை முன்னதைச் சேர்ந்த ராஸ்டர், எஸ்விஜி பின்னதைச் சேர்ந்த வெக்டர். சுருக்கும்போது தகவல் எதுவும் இழக்கப்படுகிறதா என்பது இரண்டாவது.

கேள்வி: வாடிக்கையாளர் தரும் ஜேபெக் லோகோவை எஸ்விஜியாக மாற்றிவிட்டால் ஃபிளெக்ஸில் பெரிதாக்கினாலும் உடையாது அல்லவா, ஐயா?

பதில்: உடையும். எஸ்விஜிக்குள் ராஸ்டர் படத்தையும் பொதிந்து வைக்க முடியும் என்பதால், பல மாற்றிகள் அதை மட்டுமே செய்துவிட்டு வேலை முடிந்ததாகக் காட்டுகின்றன. லோகோவின் ஓரங்களைப் பின்பற்றி மறுபடி வரைந்தால்தான் அது உண்மையான வெக்டர்.

கேள்வி: ஜேபெக் படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்தால் இழந்த தரம் திரும்புமா?

பதில்: திரும்பாது. ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைவெண் கூறுகளாக, அதாவது நிறம் மெதுவாக மாறும் பகுதி, வேகமாக மாறும் பகுதி என மாற்றி, கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய கூறுகளின் மதிப்புகளை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடுகிறது. அப்போது போன தகவல் கோப்பில் எங்குமே இருப்பதில்லை. பிஎன்ஜி இழப்பற்றதுதான், ஆனால் கையில் கொடுத்ததைத்தான் அது பத்திரப்படுத்தும். ஜேபெக் சுருக்கத்தால் எழுத்துகளின் ஓரத்தில் படிந்த அழுக்கையும் சேர்த்தே பத்திரப்படுத்தும், கோப்பும் பெரும்பாலும் பெருத்துப்போகும். புகைப்படத்துக்கு ஜேபெக், திரைப்பிடிப்புக்கும் எழுத்துள்ள படத்துக்கும் பிஎன்ஜி என்பதே என் வழக்கம்.

கேள்வி: 1987இல் வந்த ஜிஃப் இழப்பற்றது என்கிறார்கள், என் புகைப்படம் மட்டும் ஏன் பட்டை பட்டையாகத் தெரிகிறது?

பதில்: ஜிஃப் கையாளும் எல்இசட்டபிள்யூ சுருக்கம் இழப்பற்றதுதான். ஆயினும் ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள் மட்டுமே என்ற வரம்பு இருப்பதால், சுருக்கம் தொடங்கும் முன்பே உங்கள் புகைப்படத்தின் நிறங்கள் குறைக்கப்பட்டுவிட்டன.

கேள்வி: டிஃப், வெப்பி ஆகிய இரண்டு பட வடிவங்களையும் இழப்புள்ளது, இழப்பற்றது என்பவற்றில் எதில் சேர்ப்பது?

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிஃப் ஒரு பெட்டி. அதனுள் சுருக்கப்படாத பிக்சல்கள் இருக்கலாம், எல்இசட்டபிள்யூ இருக்கலாம், ஜேபெக் சுருக்கமே கூட இருக்கலாம். கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பியிலும் இழப்புள்ளது, இழப்பற்றது என இரு முறைகளும் உண்டு. ஆகவே ஆவணக் காப்புக்கு ஸ்கேன் செய்யும்போது ‘டிஃப்பாகக் கொடுங்கள்’ என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தச் சுருக்கம் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கோப்புப் பெயரின் முடிவில் வரும் .jpg, .png போன்ற பின்னொட்டை மாற்றி எழுதினால் வகை மாறிவிடுமா?

பதில்: மாறாது. பிஎன்ஜி கோப்பு 137, 80, 78, 71 என்ற எண்மதிப்புள்ள பைட்டுகளோடும், ஜேபெக் 255, 216 என்பவற்றோடும் தொடங்கும். பல மென்பொருள்கள் இவற்றைப் பார்த்தே படத்தைத் திறப்பதால், தவறான பின்னொட்டோடும் படம் தெரியும். வகை மாறிவிட்டதாக நாம் ஏமாறுவது அதனால்தான்.