கல்லூரி கூடைப்பந்தில் ஒரு வீரரின் புள்ளிக்கணக்கை எவ்வளவு நம்பலாம்?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கல்லூரி அணிக்கு ஆள் எடுக்க, ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது தம்பி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பீட் மாராவிச் கணக்கைப் பாருங்கள். 1967 முதல் 1970 வரை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மூன்று சீசன், சராசரி 44.2, மொத்தம் 3,667 புள்ளி. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடே இல்லாத காலம் அது! ஆனால் கூடையைப் பார்த்து எறிந்தது 3,166 முறை, உள்ளே போனது 1,387. அந்த மூன்று வருடமும் அணி என்சிஏஏ தொடருக்கு, அதாவது அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன் போட்டிக்கு, தகுதி பெறவேயில்லை. மகத்தான ஆட்டக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. அணி ஜெயிக்குமா என்பதை மட்டும் அந்தச் சராசரி சொல்லவில்லை.

அதனால் எத்தனை ஷாட், எத்தனை நிமிடம், எதிரணி யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) சதவீதத்தை ஓரளவு நம்பலாம்; தடுக்க ஆள் இல்லை, தூரமும் மாறாது.

நம் பக்கம் வேறு சிக்கலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திறந்த மைதானத்தில் எடுத்த சதவீதத்தை உள்ளரங்கக் கணக்கோடு ஒப்பிட முடியாது. அப்புறம், வழக்கமான ஸ்கோர் ஷீட்டில் புள்ளியும் ஃபவுலும்தான் ஏறும். எதிரணி உயரக்காரனை முதுகால் தள்ளி நிறுத்தி, ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) தோழன் கைக்கு விடுகிறானே, அவன் பெயருக்கு நேரே ஒன்றுமே இருக்காது. தேர்வுக்கு முன் கோர்ட் ஓரமாக ஒரு நோட்டோடு உட்கார்ந்து அதை நீங்களே குறியுங்கள்.